இறால் ஓட்டிலிருந்து தோல் வருமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நம் பேரவைச் செயலாளர், "காதல் கவிதை மட்டும் வேண்டாம்டா, இருபது வந்தாச்சு" என்று சொல்லித்தான் பேப்பரைக் கொடுத்தார். எனக்குக் கவிதை வராது. அதனால் என் அப்பாவின் காலைப் பற்றி எழுதுகிறேன்.

எங்க ஊர் ஜெகதாப்பட்டினம். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வலை பிரிக்கும்போது திருக்கை முள் காலில் ஏறிவிட்டது. அவருக்குச் சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. புண் ஆறவே இல்லை. இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகும் ஆறவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் புண்மேல் ஒட்டும் தோல் மாதிரி ஒரு தகடு இருக்கிறது என்றார்கள். விலையைக் கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரு சீசன் முழுக்க அப்பா வாங்கும் பங்கு அது. பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்தத் தகடு என்னவென்று தேட ஆரம்பித்ததில்தான் 'திசுப் பொறியியல்' என்ற வார்த்தையே எனக்குத் தெரிந்தது. எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வீட்டில் யாரைப் போய்க் கேட்பது? லைப்ரரியும் நம் சாரும்தான் கதி.

விஷயம் இதுதான். கட்டடம் கட்ட சாரம் கட்டுகிறோம் அல்லவா? உடம்புக்குள்ளும் அப்படி ஒரு சாரம் வைத்தால், செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு வளரும். திசு வளர வளர சாரம் தானே கரைந்துவிடும், பிரிக்க ஆள் வேண்டாம். 1993-ல் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகான்டியும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையை உலகம் கவனிக்க வைத்தது. நம் உடம்பில் செல்லைச் சுற்றியிருப்பதே நானோ அளவுள்ள மெல்லிய இழைகள்தான். சாரத்தின் இழையும் அந்த அளவில் இருந்தால் செல் அதை அந்நியமாக நினைக்காது. நானோ இங்கே வந்து சேர்வது அதனால்தான். ஒரு தலைமயிரின் தடிமனில் நானோமீட்டர் எண்பதாயிரம், லட்சம் என்று போகும். இந்த இழைகளோ சில நூறு நானோமீட்டர்தான்.

இந்த இழையை எப்படி இழுக்கிறார்கள் தெரியுமா? எலக்ட்ரிக்கல் பசங்களே, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்! ஒரு சிரிஞ்ச், அதை மெதுவாகத் தள்ள ஒரு சின்ன மோட்டார், முனையில் ஊசி. ஊசிக்கு 10 முதல் 20 கிலோவோல்ட் டி.சி. எதிரே ஒரு சாண் தள்ளி எர்த் செய்த அலுமினியத் தகடு. ஊசி முனையில் நிற்கும் பாலிமர் கரைசல் துளி கூம்பாக நீண்டு, நூலாகப் பறந்து, போகும் வழியிலேயே காய்ந்து தகட்டில் வலையாகப் படிகிறது. அவ்வளவுதான்! நம் தெரு டிரான்ஸ்பார்மருக்கு வரும் 11 கிலோவோல்ட் மாதிரி மிரட்டும் அளவுதான், ஆனால் கரண்ட் ரொம்ப ரொம்பக் கம்மி. இதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹைவோல்டேஜ் சப்ளை, மோட்டார் கன்ட்ரோல், எர்த்திங்... எல்லாம் நம்ம சிலபஸ் ஆச்சே!

இது எங்கோ அமெரிக்காவில் மட்டும் நடப்பதல்ல. தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பத்துக்கும் உயிரிப்பொருளுக்கும் ஒரு மையம் இருக்கிறது. சுவாமிநாதன் சேதுராமன், உமா மகேஸ்வரி கிருஷ்ணன் ஆகியோர் அங்கே நானோ இழைச் சாரங்களைத் தோலுக்கும் அறுந்த நரம்புக்கும் செய்து பார்த்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். எங்க ஊரில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் தஞ்சாவூர்.

இன்னொரு சமாச்சாரம். சாரம் செய்யும் பொருள்களில் ஒன்று கைட்டோசான். அது எதிலிருந்து வருகிறது? இறால் ஓடு, நண்டு ஓடு! அமிலத்தில் சுண்ணாம்பை எடுத்து, காரத்தில் புரதத்தை எடுத்து, மறுபடி சூடான கடுங்காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான். அது ரத்தத்தை உறைய வைக்கும். அதை வைத்துச் செய்த கட்டுக்கு 2002-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து, அவர்கள் ராணுவம் போர்க்களத்தில் பயன்படுத்தியது. எங்க ஊர்க் கரையில் அந்த ஓடு நாறிக்கொண்டு கிடக்கிறது. காக்காய்க்கும் நாய்க்கும்தான் லாபம்.

சரி, எல்லாம் ஜோர்தானே என்றால், இல்லை. வலைக் கண்ணி ரொம்பச் சின்னதாக இருந்தால் செல் உள்ளே போகாது. தடிமனாகச் செய்தால் நடுவில் ரத்தக்குழாய் இல்லாமல் செல் செத்துப்போகும். அதனால்தான் தோல் மாதிரி மெல்லியவை முதலில் கைகூடின, முழு ஈரல், சிறுநீரகம் எல்லாம் இன்னும் எட்டவில்லை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு சுவீடன் கதை இருக்கிறது. 2011-ல் கரோலின்ஸ்காவில் மக்கியாரினி என்ற டாக்டர் பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் ஸ்டெம் செல்லைத் தடவிப் பொருத்தினார். உலகமே கைதட்டியது. அங்கே அப்படிப் பொருத்திய மூன்று பேரும் இறந்துபோனார்கள். 2023-ல் அப்பீல் கோர்ட் அவருக்கு இரண்டரை வருஷம் ஜெயில் கொடுத்தது.

நான் மதிப்பது வேறொரு வேலையை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவில் டாக்டர் வலியத்தான் குழு இதய வால்வு செய்தார்கள். முதல் மூன்று மாதிரியும் தோற்றன. நாலாவதுதான் நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வைவிட விலை கம்மி. அது பேப்பரோடு நிற்கவில்லை, கம்பெனியில் உற்பத்திக்குப் போய் ஏழை நெஞ்சுக்குள் போனது. நான் கேட்பது இதைத்தான். தஞ்சாவூர் லேபில் செய்து பார்த்த சாரத்தால், ஜெகதாப்பட்டினத்தில் மனுஷனுக்குப் புண் எப்போது ஆறும்? விஞ்ஞானி மட்டும் போதாது. அந்த ஊசியும் மோட்டாரும் நாள் முழுக்க ஒரே சீராக ஓட, தகடு ஆயிரம் ஆயிரமாக வர, விலை இறங்க மெஷின் வேண்டும். மெஷின் கட்டுவது யார்? டிப்ளமோக்காரன்தானே!

"நானோ கீனோ எல்லாம் ஐ.ஐ.டி. பசங்களுக்குடா, நமக்கு வயரிங்தான்" என்று என் அறைத்தோழன் சிரிக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, போன வருஷம்வரை நானும் அப்படித்தான் பேசினேன். ஆனால் இன்டஸ்ட்ரியல் விசிட் என்ற பேரில் கொடைக்கானலில் போட் விட்டுவிட்டு வந்தோமே, அது மட்டும் நமக்கு ஏற்றதா? இந்த முறை பேரவை முதல்வரிடம் பேசி, அந்தத் தஞ்சாவூர் லேபைப் பார்க்க ஒரே ஒரு நாள் அனுமதி வாங்கித் தரவேண்டும். டிபன் நாங்களே கட்டிக்கொள்கிறோம்.

போன லீவில் அப்பாவிடம் இதெல்லாம் சொன்னேன். மீன்பிடித் தடைக்காலம், வீட்டில்தான் இருந்தார். கால் கட்டைப் பிரித்துக்கொண்டே முழுசாகக் கேட்டார். கடைசியில், "ஏன் தம்பி, அப்போ இறா ஓட்டுக்கும் கிலோவுக்கு ஒரு விலை வைப்பானுங்களா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. செமஸ்டர் முடிந்ததும் விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

– மூன்றாமாண்டு மின்னியல் மாணவன், ஜெகதாப்பட்டினம்