வீட்டில் ஆள் இல்லையாம்!

நூற்றைம்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிராமத்து வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலில் வாழைமரம், ஷாமியானா. ஸ்பீக்கரில் தெருமுனை வரை கேட்கிற நாகஸ்வரம். அந்த வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, 'ஆள் இல்லை, பார்சலைக் கொடுக்க முடியவில்லை' என்று ஒருவர் குறிப்பு எழுதினால், அவர் எங்கே வந்து பார்த்திருப்பார்?

எங்கேயும் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் என் அக்கா வீடு. அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம். மனுஷருக்குப் பழைய பாட்டு என்றால் உயிர். ஆயிரக்கணக்கான பாட்டுகளை உள்ளே போட்டு, பார்க்க அந்தக் கால ரேடியோ மாதிரி ஒரு பெட்டி விற்கிறார்களே, அதில் ஒன்றை சென்னையில் இருந்தபடியே இணையத்தில் ஆர்டர் செய்தேன். பத்து நாள் முன்னதாகவே. ஆறாயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயர் வேண்டாம். நீங்கள் வேறு கம்பெனியில் வாங்கியிருந்தாலும் கதை ஏறக்குறைய இதேதான் என்று உங்களுக்கே தெரியும்.

திரையில் ஒரு கேள்வி வந்தது: 'இது அன்பளிப்பா?' ஆமாம் என்றேன். கிஃப்ட் ராப்புக்கு நாற்பது ரூபாய் தனி என்றது. சரி. வாழ்த்துச் செய்தி எழுதச் சொன்னது. 'அறுபதாம் கல்யாண வாழ்த்துகள்' என்று தேதி போட்டு எழுதினேன். எந்த நாளில் கிடைக்க வேண்டும் என்றது. அதையும் தேர்ந்தெடுத்தேன். இந்த நாலு கேள்வியையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விசேஷத்தன்று மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு என் செல்லுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். 'டெலிவரி முயற்சி தோல்வி. வாடிக்கையாளர் இல்லை.' வாடிக்கையாளராகிய நான் அப்போது அதே பந்தியில் பாயசத்துக்கு வந்திருந்தேன்.

அப்புறம் நடந்தது நீங்கள் எல்லோரும் அனுபவித்ததுதான். இரண்டை அழுத்து, நாலை அழுத்து. 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது' என்று முதலில் ஒரு மெஷின் சொன்னது. பிறகு ஒரு பெண் சொன்னார். இருவர் குரலிலும் வருத்தம் ஒரே அளவில் இருந்தது. 'அட்ரஸ் இன்கம்ப்ளீட்டா இருக்கு சார்' என்றார் மூன்றாமவர். ரைஸ் மில் எதிரில் என்று எழுதியிருந்தேன். அந்த ஊரில் ரைஸ் மில் ஒன்றுதான். போஸ்ட்மேனுக்குத் தெரியும், கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்குத் தெரியும். நாலாம் நாள் 'பணம் திரும்ப வரும், கூடவே நூறு ரூபாய் கூப்பன்' என்றார்கள். கூப்பன் முப்பது நாளில் காலாவதி. கிஃப்ட் ராப் நாற்பது ரூபாய்? அது திரும்பத் தரப்படமாட்டாதாம். அத்தான் கண்ணால்கூடப் பார்க்காத காகிதத்துக்குக் காசு.

பார்சல் கொண்டுவர வேண்டிய பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொந்த பைக், சொந்த பெட்ரோல், பார்சலுக்கு இத்தனை என்று கூலி. ஒரு பெட்டிக்காக உத்திரமேரூரிலிருந்து ரோட்டைப் பிடித்து அவ்வளவு தூரம் போய் வந்தால் அவனுக்குக் கையில் நிற்பது என்ன? ஆனால் போகவில்லை என்று எழுத அவன் கையில் இருக்கும் செல்போனில் பொத்தான் கிடையாது. 'ஆள் இல்லை' என்பதற்குப் பொத்தான் இருக்கிறது. அதை வைத்தவன் ஏ.சி. அறையில் இருக்கிறான்.

நமக்கே வாங்கிக்கொள்கிற சாமான் என்றால் இந்தத் தொல்லை பாதிதான். வி.பி.பி. என்று தபால் இலாகா 1877-லேயே கொண்டுவந்த ஏற்பாடு ஞாபகம் இருக்கிறதா? பொருள் கைக்கு வந்தபின் பணம். 2010-ல் ஃப்ளிப்கார்ட் அதையே கேஷ் ஆன் டெலிவரி என்று கொண்டுவந்தது. பணம் நம் கையில் இருக்கும் வரை பையன் நாலு முறை போன் பண்ணுவான், வழி கேட்பான். அன்பளிப்புக்கு அந்த வழி கிடையாது. 'மாப்பிள்ளை பரிசு அனுப்பியிருக்கான், ஆறாயிரம் எடுத்து வையுங்க அத்தான்' என்று சொல்ல முடியுமா? முழுப் பணமும் முன்னாலேயே போய்விடுகிறது. பணம் கட்டியவன் ஓர் ஊரில், வாங்குகிறவர் வேறு ஊரில். ஓ.டி.பி. கட்டியவனுக்கு வரும். வாங்குகிறவருக்குப் பார்சல் வருவதே தெரியாது. தெரிந்தால் அது என்ன சர்ப்ரைஸ்? வராவிட்டாலும் அவர் வாய் திறந்து கேட்கமாட்டார். இவன் ஒன்றும் தரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். கம்பெனிக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடைப்பாரா?

'அதான் பணம் வந்துடுச்சே, இன்னும் என்ன?' என்று நண்பர்களே கேட்கிறார்கள். இங்கேதான் எனக்கு பி.காம். ஞாபகம் வருகிறது. மெர்க்கண்டைல் லா பேப்பரில் தவறாமல் கேட்கும் கேஸ் ஒன்று உண்டு: 1854-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி எதிர் பேக்சண்டேல். குளோஸ்டரில் ஒரு மாவு மில். கிராங்க் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. அதை மாதிரியாக வைத்துப் புதிது செய்ய, கிரீனிச்சில் இருந்த எஞ்சினியர்களுக்குப் பார்சல்காரர் மூலம் அனுப்பினார்கள். பார்சல்காரர் தாமதப்படுத்தினார். மில் கூடுதலாகச் சில நாள் நின்றுபோனது. அந்த லாப நஷ்டத்தைக் கொடு என்று மில்காரர்கள் கேட்டபோது, கோர்ட் மறுத்துவிட்டது. ஷாஃப்ட் வராவிட்டால் மில்லே நின்றுவிடும் என்பது பார்சல்காரருக்குச் சொல்லப்படவில்லை; தெரியாத விளைவுக்கு அவரைப் பிடிக்க முடியாது என்றது.

நமது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது. ஒப்பந்தம் போடும்போதே இன்ன நஷ்டம் வரும் என்று தெரிந்திருந்தால் அதற்கு ஈடு தர வேண்டும். அதே சட்டத்தின் 55-ஆவது பிரிவு, நாள்தான் முக்கியம் என்றாகிவிட்ட ஒப்பந்தத்தில் நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பேசுகிறது.

இப்போது அந்த நாலு கேள்விக்கு வாருங்கள். 'இது அன்பளிப்பா?' என்று கேட்டது யார்? தேதியைக் கேட்டது யார்? மில் நிற்பது பார்சல்காரருக்குத் தெரியாது. இவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொள்வதற்கே நாற்பது ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். நாள் போனபின் ஆறாயிரத்தைத் திருப்பிப் போட்டால் கணக்கு நேராகிவிடுமா? வளைகாப்புக்கு அனுப்பிய வளையல் குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்று வந்தால், வளையலில் குறை இல்லை என்பீர்களா?

கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். இணையதளம் 'செல்லர் பார்ட்னரை'க் காட்டும். அவர் 'லாஜிஸ்டிக்ஸ் பார்ட்னரை'க் காட்டுவார். அவர் உள்ளூர் 'டெலிவரி பார்ட்னரை'. நான் படித்த 1932-ஆம் வருடப் பார்ட்னர்ஷிப் சட்டத்தில் ஒரு பார்ட்னர் தொழிலுக்காகச் செய்ததற்கு எல்லாப் பார்ட்னரும் பொறுப்பு. இங்கே பார்ட்னர் என்றால் பொறுப்பே இல்லை என்று அர்த்தம்.

உத்திரமேரூர் என்றதும் பள்ளிக்கூடப் புத்தகத்துக் குடவோலை எல்லோருக்கும் நினைவு வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. அதை இன்றைய ஜனநாயகத்தோடு ஒன்றாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் இடம் தந்த சபை அல்ல அது. ஆனால் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மறுபடி குடத்தில் போடக்கூடாது. அவன் மட்டுமில்லை. அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று ஒரு பட்டியலே போட்டு அத்தனை பேரையும் தள்ளிவைத்தார்கள். 'அது நானில்லை, என் மைத்துனர் பார்த்துக்கொண்ட வேலை' என்று நழுவ முடியாதபடி! அந்தக் கோயில் இருக்கிற ஊரிலேயே பார்ட்னர்கள் கணக்குக் காட்டாமல் திரிகிறார்கள்.

சத்தம் போட்டால் மட்டும் கதவு திறக்கிறது. 2018 டிசம்பரில் நடிகை சோனாக்ஷி சின்ஹா அமேசானில் ஹெட்போன் வாங்கினார். பெட்டிக்குள் இருந்தது ஓர் இரும்புத் துண்டு. கஸ்டமர் சர்வீஸ் உதவவே இல்லை, அதுதான் இன்னும் மோசம் என்று ட்விட்டரில் படம் போட்டார். கம்பெனி அங்கேயே வந்து வருத்தம் தெரிவித்தது. நல்லது. நடிகைக்கே முதல் பதில் அப்படி என்றால் ரைஸ் மில் எதிர்வீட்டு அத்தான் எந்த ட்விட்டருக்குப் போவார்?

போக வேண்டாம். அவருக்கும் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் அதில் நுகர்வோர்தான். அதே மாதம் வந்த மின்வணிக விதிகள், ஒவ்வொரு கம்பெனியும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்துப் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும் என்கின்றன. புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்தில் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். (அந்தப் பெயர் பக்கத்தின் அடியில், எறும்புக்கு மட்டும் தெரிகிற எழுத்தில் இருக்கும். தேடுங்கள்.) சொன்ன நாளுக்குப் பிறகு வந்த பொருளைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்று, இயற்கைச் சீற்றம் மாதிரிக் காரணம் இருந்தாலொழிய, விற்பவர் சொல்லக்கூடாது.

அதற்கும் மசியாவிட்டால் 1915-க்குப் போன் பண்ணுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 'வழக்கு என்றால் பெங்களூரில்தான்' என்று நிபந்தனைகளில் எழுதியிருப்பார்கள், பயப்படாதீர்கள். நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. வாங்கிய பொருள் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசம்.

புகாரோடு 'ஆள் இல்லை' எஸ்.எம்.எஸ்.ஸின் ஸ்க்ரீன்ஷாட்டையும், அன்று எடுத்த விசேஷ போட்டோ ஒன்றையும், நீங்கள் எழுதிய வாழ்த்துச் செய்தியின் பிரதியையும் வையுங்கள். மன உளைச்சலுக்கு ஈடு தனியாகக் கேளுங்கள். கிஃப்ட் ராப் காசைத் தனி வரியில் எழுதுங்கள். சின்னத் தொகை, கேவலமாக இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டு நாள் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதற்கு அவர்களே கொடுத்திருக்கும் ரசீது அது ஒன்றுதான்.