கண்ணால் பார்த்தால்தான் டெஸ்டா?

கோவில்பட்டியில் வீட்டிலிருந்தபடியே வெளியூர்க் கம்பெனிகளுக்கு இணையதளம் சோதித்துக் கொடுக்கும் பிள்ளைகளிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. பிரவுசர் திறந்து, பட்டன்கள் தானாக அமுங்குவதைப் பார்த்தால்தான் அது டெஸ்டாம். திரையில் எதையும் காட்டாமல் ஓடும் ஹெட்லெஸ் பிரவுசர் 'பாஸ்' என்று சொன்னால் நம்பக் கூடாதாம்.

அது அசல் பிரவுசர் இல்லை என்பார்கள். ஒரு காலத்தில் உண்மைதான். 2011-ல் வந்த ஃபேண்டம்ஜேஎஸ் என்ற ஹெட்லெஸ் பிரவுசர், வெப்கிட் எஞ்சினை வைத்துக் கட்டிய தனிப் பிறவி. 2017-ல் குரோமிலேயே ஹெட்லெஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஃபேண்டம்ஜேஎஸ்ஸைப் பராமரித்த விட்டாலி ஸ்லோபோடின் விலகிக்கொண்டார். குரோம் 59-ல் வந்த ஹெட்லெஸும் தனி நிரல்தான். ஆனால் 2023-ல் குரோம் 112-உடன் வந்த புதிய ஹெட்லெஸ், நாம் தினமும் திறக்கும் அதே குரோம். ஜன்னலைத் திரையில் காட்டாது, அவ்வளவே. பழைய வகையும் தனியாகக் கிடைக்கிறது. சில கருவிகள் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். எதில் ஓட்டுகிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காரணமே இல்லாமல் ஃபெயில் ஆகிறது என்பது அடுத்த புகார். காரணம் இருக்கிறது. பிரவுசரை ஓட்டும் கருவியான பப்பெட்டியர், நாம் எதுவும் சொல்லாவிட்டால் 800-க்கு 600 அளவில் பக்கத்தைத் திறக்கும். அந்த அகலத்தில் பல தளங்களின் மெனு மூன்று கோட்டுக்குள் சுருங்கி, 'ஆர்டர்' பட்டன் ஒளிந்துகொள்ளும். டாக்கர் கண்டெய்னருக்குள் ஓட்டினால், நாம் மாற்றாதவரை பகிர்வு நினைவகம் வெறும் 64 எம்பி. பெரிய பக்கம் வந்தால் குரோம் படுத்துவிடும். இரண்டுக்கும் தலா ஒரு வரி அமைப்பு போதும்.

'கண்ணுக்குத் தப்புமா?' என்று கேட்கிறார்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ளவே முடியாது. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'கோ' என்பதில் உள்ள குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் பதியலாம். இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அப்படியே ஒப்பிடும் நிரலுக்கோ அவை வேறு வேறு சொற்கள். கடலை மிட்டாய் விற்கும் ஒரு தளம் ஊர்ப்பட்டியலை ஒரு விதமாகச் சேமித்திருக்க, வாங்குபவரின் கீபோர்டு இன்னொரு விதமாக அனுப்பினால், அந்த மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக்கே 'டெலிவரி இல்லை' என்று வரும். நாள் முழுக்க உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டு வடிவத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கும் பத்து வரி ஸ்கிரிப்ட் உடனே பிடிக்கும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

இதற்கு நேர்மாறும் உண்டு. அங்கே அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தமிழ் எழுத்துரு இல்லாத லினக்ஸ் சர்வரில் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். டெஸ்டோ பாஸ் ஆகும். பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று மட்டும்தானே அது கேட்டது? ஆனால் அதே சர்வரில் திரையோடு ஓட்டினாலும் அதே கட்டங்கள்தான். நோட்டோ தமிழ் எழுத்துருவைப் போட்டு, ஸ்க்ரீன்ஷாட்டையும் ஒப்பிடச் சொல்ல வேண்டும்.

வேகம் பெரிதாகக் கூடவில்லை என்கிறார்கள். சரி, இருக்கட்டும். மானிட்டரே இல்லாத சர்வரில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடுகிறதே, அதுதான் லாபம். இங்கே கரண்ட் போய் இன்வெர்ட்டரும் இறங்கிய பிறகு, லேப்டாப்பில் ஜன்னல் திறந்து ஓடிக்கொண்டிருந்த டெஸ்டின் கதி என்ன?

கண்ணுக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் நின்றுகொண்டு, உச்சி வெயிலில், விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் அந்த 'ஆர்டர்' பட்டன் தெரிகிறதா, விரலுக்குச் சிக்குகிறதா என்று ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும்.