மோட்டிவேஷன்: தனக்கா, அடுத்தவனுக்கா?



உங்க போன்ல சேவ் பண்ணி வெச்சிருக்கிற மோட்டிவேஷன் வீடியோக்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. காலைல நாலு மணிக்கு எந்திரிக்கச் சொல்றவர், பச்சைத் தண்ணியில குளிக்கச் சொல்றவர், நினைச்சா நடக்கும்னு அடிச்சுச் சொல்றவர்னு எல்லாரும் வரிசையா இருப்பாங்க. முதல் வருஷம் சேர்ந்த புதுசுல ஒருத்தர் மைக் பிடிச்சு, கண்ணை மூடச் சொல்லி, பெரிய கம்பெனி ஐடி கார்டு கழுத்துல தொங்குற மாதிரி கற்பனை பண்ணச் சொல்வார். நாமும் கண்ணை மூடுவோம், கை தட்டுவோம். மறுநாள் காலைல இன்ஜினியரிங் மேத்ஸ் அதே இடத்துல அப்படியே உக்காந்திருக்கும்.

இதையெல்லாம் கிண்டல் பண்றது ரொம்ப சுலபம். மீம் போட்டா நல்லா ஓடும். ஆனா நான் அந்த வேலைக்கு வரல. இந்த மாதிரி எழுத்தைத் தமிழுக்குக் கொண்டு வந்த முன்னோடிகள்ல ஒருத்தர் நம்ம பக்கத்து ஆளு. அவர் பேரைச் சொன்னா நமக்குக் கப்பல் ஞாபகம் வரும், செக்கு ஞாபகம் வரும். மோட்டிவேஷன் புத்தகம் ஞாபகத்துக்கே வராது.

ஆமா, வ.உ.சிதான்.

சிறைக்குள் இருந்து வந்த புத்தகம்

தச்சநல்லூர்ல டவுன் பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல சந்திப்பு வந்துரும். அங்கிருந்து தாமிரபரணி பக்கம்தான். அந்த ஆற்றங்கரையில் இருக்கிற தைப்பூச மண்டபத்தில், 1908 மார்ச் 9 அன்று வ.உ.சியும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடிய கூட்டம் அது. மூன்றாம் நாள், மார்ச் 12 அன்று, இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் எல்லாம் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிர் போனது.

வ.உ.சிக்கு அப்போது வயது 35. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர் சிறை, பிறகு கண்ணூர் சிறை. கோவைச் சிறையில் செக்கு இழுத்ததை நாமெல்லாம் 1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாஜி இழுக்கப் பார்த்திருக்கிறோம். அந்தச் செக்கு இன்றும் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

படம் அதிகம் காட்டாத பக்கம் இனிமேல்தான் வருது. அவர் சிறையில் இருந்த அதே காலத்தில், 1909-இல், 'மனம் போல வாழ்வு' என்ற புத்தகம் அவர் பெயரில் வெளிவந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆலன் 1903-இல் எழுதிய சின்ன நூலின் தமிழாக்கம் அது. நம்ம ஊர்ப் பழமொழியையே தலைப்பாக வைத்துவிட்டார். அதோடு நிறுத்தவில்லை. ஆலனின் நூல்களில் இருந்து 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என்று இன்னும் மூன்றைத் தமிழாக்கினார். பின்னாட்களில் அப்துற் றஹீமும் எம்.எஸ். உதயமூர்த்தியும் தமிழில் நடந்த அந்தப் பாதையில் வ.உ.சி எத்தனையோ வருஷம் முன்னாடியே நடந்துவிட்டார்.

ஆலன் சொல்வது சுருக்கமாக இதுதான்: மனசு ஒரு தோட்டம். நல்ல விதை போடாவிட்டால் களை தானாக முளைக்கும். உன் எண்ணம் எப்படியோ அப்படித்தான் நீ. உன் சூழ்நிலையும் உன் எண்ணத்தில் இருந்தே வளருகிறது.

இன்னைக்கு ரீல்ஸ்ல வர்ற சங்கதியும் பெரும்பாலும் இதேதான். பின்னணி இசை மட்டும்தான் புதுசு.

கணக்கு இடிக்குதே?

இப்போ கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எண்ணம் நல்லா இருந்தா வாழ்வு நல்லா இருக்கும்ங்கிறதை நேர்க் கணக்கா எடுத்துக்கிட்டா, வ.உ.சியோட வாழ்க்கை அந்தக் கணக்குக்கு அடங்கவே அடங்காது.

1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அடுத்த வருஷமே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டார். இதைவிட நேர்மறையான எண்ணம் யாருக்கு இருந்திருக்க முடியும்? ஆனால் அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வக்கீல் சன்னது போயிருந்தது. சொந்த மாவட்டத்துக்குத் திரும்பவும் அனுமதி இல்லை. சென்னையில் மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்துப் பார்த்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் பிற்பாடு சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார். கடைசி வரை பணக் கஷ்டம் தீரவில்லை.

அப்போ அந்தப் புத்தகம் பொய்யா? பொய்யென்று அவருக்குத் தோன்றியிருந்தால், எல்லாம் கைவிட்டுப் போன பிறகும் அதே ஆசிரியரை ஏன் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார்? 'சாந்திக்கு மார்க்கம்' வெளிவந்தது 1934-இல். அவர் சாவதற்கு இரண்டே வருஷம் முன்னால். முதல் புத்தகத்துக்கும் இதற்கும் நடுவே 25 வருஷம். கம்பெனி, சொத்து, தொழில், உடம்பு என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த 25 வருஷம்.

எனக்குப் படுவது இதுதான்: இப்படிச் செய்தால் ஜெயிக்கலாம் என்று சொல்லும் புத்தகமாக அவர் அதை வாசித்திருந்தால், இத்தனை வருஷம் அதைத் தாங்கியிருக்க முடியாது. தன் கையில் மிச்சம் இருக்கிற ஒன்றை எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் வாசித்திருக்க வேண்டும். சிறையில் அவர் கையில் கப்பல் இல்லை, கோர்ட் இல்லை, மேடை இல்லை. மனமும் மொழியும் இருந்தன. அவற்றை வைத்து அங்கே என்ன வேலை செய்ய முடியுமோ அந்த வேலையைச் செய்தார். மொழிபெயர்த்தார், சுயசரிதையைச் செய்யுளில் எழுதத் தொடங்கினார். வெளியே வந்து, வறுமைக்கு நடுவே, திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையையும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையையும் பதிப்பிக்க உழைத்தார்.

நம்பிக்கைங்கிறது ஒரு ஃபீலிங்னு நாம நினைக்கோம். அது வரும்னு காத்துக்கிட்டு இருக்கோம். வ.உ.சியைப் பார்த்தா அது ஒரு வேலை மாதிரி தெரியுது. மூடு இருந்தாலும் இல்லாட்டாலும் காலைல எந்திரிச்சு செய்ற வேலை.

கோரல் மில்லில் அவர் என்ன சொன்னார்?

இதுவரை சொன்னது பாதிதான். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

கைதாவதற்கு இரண்டு வாரம் முன்னால், 1908 பிப்ரவரி 27 அன்று, தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறை கிடையாது. வ.உ.சியும் சிவாவும் அவர்களுக்குப் பக்கபலமாக நின்றார்கள். வேலைக்குப் போகாத வீடுகளில் அடுப்பு எரிய ஊரில் பணம் திரட்டினார் வ.உ.சி. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

கவனிச்சீங்களா? மறு வருஷம் 'மனம் போல வாழ்வு' வெளியிடப் போகிற அதே மனுஷர், மில் தொழிலாளியைப் பார்த்து, "தம்பி, உன் எண்ணத்தை மாத்து, உன் கூலி தானா மாறும்"னு சொல்லல. கூலியை மாத்தத்தான் போனார். எண்ணத்தைப் பற்றிய பாடத்தைத் தனக்குன்னு வெச்சுக்கிட்டார். தான் செக்கடியில் கிடந்தப்போ அதை எடுத்துக்கிட்டார்.

என் கருத்து இதுதான் மக்கா. மோட்டிவேஷன் என்பது தான் சாப்பிட வேண்டிய மருந்து. அடுத்தவனுக்கு எழுதிக் கொடுக்கிற சீட்டு இல்லை. "என் கையில இருக்கிறதை நான் பார்த்துக்கிடுதேன்" என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டால் அது தைரியம். "எல்லாம் உன் மனசுலதான்டா இருக்கு" என்று கஷ்டத்தில் இருப்பவனிடம் சொன்னால், அவன் கஷ்டத்துக்கு அவனையே குற்றவாளியாக்குவது. வார்த்தை ஒண்ணுதான். யார் யாருக்குச் சொல்றோம்ங்கிறதுல அர்த்தமே மாறிப் போகுது.

ஃப்ரீ பாடி டயக்ராம் போடுங்க

முதல் வருஷம் மெக்கானிக்ஸ்ல ஃப்ரீ பாடி டயக்ராம் போட்டோம்ல? ஒரு பொருளைத் தனியா பிரிச்சு வரையணும். ஆனா அது மேல வெளியில இருந்து வர்ற விசை எல்லாத்தையும் விடாம குறிக்கணும். ஒரு அம்புக்குறி விட்டுப் போச்சுன்னா கணக்கு மொத்தமும் தப்பு. மேடையில் பேசுகிறவர்கள் நம்மைத் தனியாகப் பிரித்து வரைவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அம்புக்குறிகளைப் போடுவதே இல்லை.

தச்சநல்லூர் பக்கம் இருந்து வர்ற ஒரு பையனை நினைச்சுக்குங்க. அப்பா ஆட்டோ ஓட்டுதாரு. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ் மீடியம். இங்க வந்ததும் எல்லாம் இங்கிலீஷ். சாயங்காலம் ஒரு கடையில பில் போடப் போவான். ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பான். அவனுக்கு மூணு அரியர். ஒரே ரூமில் வேலைக்குப் போகத் தேவையில்லாத இன்னொருத்தன் எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டு, "பாசிட்டிவா இருல மாப்ள, முடியும்னு நினை"னு தோளைத் தட்டிட்டுப் போறான். கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா அந்த மூணு அரியர்ல எத்தனை அம்புக்குறி இருக்குன்னு அவன் பார்க்கவே இல்லையே.

இங்க ரெண்டு பக்கமும் ஒரு கேள்வி வரும்.

"அப்போ எல்லாத்துக்கும் சூழ்நிலைதான் காரணம்னு சொல்லிட்டு உக்காந்துரலாமா?" முடியாது. டயக்ராமில் நாம் போடுகிற விசைக்கும் ஒரு அம்புக்குறி உண்டு. அது சின்னதாக இருக்கலாம், ஆனால் நம் கையில் இருப்பது அது ஒன்றுதான். சிறைக் கதவைத் திறக்கிற அதிகாரம் வ.உ.சிக்கு இல்லை, காகிதத்தில் எழுதுகிற அதிகாரம் இருந்தது. கடையில் பில் போடும் பையனுக்கு, பஸ் வரும் வரைக்கும் இருக்கிற இருபது நிமிஷம் இருக்கிறது. அதில் ஒரு யூனிட்டின் இரண்டு மார்க் கேள்விகளைப் பார்க்கலாம். இதை அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொள்ளும் உரிமை அவனுக்குத்தான்.

"அப்போ நண்பனுக்கு நல்ல வார்த்தையே சொல்லக் கூடாதா?" தாராளமா சொல்லுங்க. ஆனா சொல்றதோட நிறுத்தாதீங்க. கோரல் மில் ஆட்களிடம் வ.உ.சி பேசவும் செய்தார், பணமும் திரட்டினார். பணம் திரட்டாமல் பேச்சு மட்டும் பேசியிருந்தால் ஒன்பது நாள் அவர்கள் தாக்குப் பிடித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். நம்ம அளவுல பணம் திரட்டுறதுன்னா என்ன? நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கறது. லேப்ல அவனை ஓரமா நிக்க விடாம மீட்டரைக் கையில கொடுக்கறது. இங்கிலீஷ்ல புரியாத பாடத்தைத் தமிழ்ல ஒரு தடவை சொல்றது. ஃபீஸ் கட்ட முடியாம முழிக்கிறவனுக்கு எந்த ஸ்காலர்ஷிப், கடைசித் தேதி என்னன்னு தேடிச் சொல்றது.

ஜேம்ஸ் ஆலன் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் மாளிகையில் உட்கார்ந்து உபதேசம் பண்ணிய ஆள் இல்லை. அப்பா பிழைப்புத் தேடி அமெரிக்கா போய் அங்கேயே இறந்துபோக, 15 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர். புத்தகம் எழுதிக் கோடீஸ்வரரும் ஆகவில்லை. 1912 ஜனவரியில், 47 வயதில், காலமாகிவிட்டார். தன் புத்தகத்தைத் தமிழாக்கியவர் அப்போதும் சிறையில்தான் இருந்தார். எழுதினவர், மொழிபெயர்த்தவர், ரெண்டு பேருமே நம்ம ரீல்ஸ் அளவுகோலுக்கு 'சக்சஸ்' ஆனவங்க இல்லை. ஆனாலும் பாளையங்கோட்டைல கிரிக்கெட் பார்க்கப் போனா வ.உ.சி மைதானத்துக்குத்தான் போறோம்.

செமஸ்டர் ரிசல்ட் வரப் போகுது. வழக்கம்போல ஸ்டேட்டஸ் முழுக்கத் தன்னம்பிக்கை வரிகளா வந்து குவியும். உங்களுக்கு உங்க மனசைத் தேத்த அது உதவுச்சுன்னா நல்லா வாசிங்க, தப்பே இல்லை. ஆனா உங்க ரூம்ல ஒருத்தன் அரியரோட உக்காந்திருந்தா, அவனுக்கு அதை ஃபார்வேர்டு பண்ணாதீங்க. இந்தக் கட்டுரையையும் அனுப்ப வேண்டாம். பக்கத்துல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, "எந்த யூனிட்ல மக்கா மாட்டிக்கிட்ட?"னு கேளுங்க.