குடலிறக்கத்தை மறைக்கலாமா?

வடசேரி கனகமூலம் சந்தையில் வாழைக்குலை சுமக்கிறவர்களுக்கு வயிற்றிலோ தொடை இடுக்கிலோ ஒரு புடைப்பு தோன்றினால், துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பெண்கள் இன்னும் மோசம். சிசேரியன் தழும்பு புடைத்து நின்றாலும் சேலைக்குள் மறைத்துவிடுவார்கள். வெட்கம்!

இதுதான் குடலிறக்கம். வயிற்றுச் சுவர் பலம் இழந்த இடத்தில் குடல் வெளியே பிதுங்குகிறது. படுத்தால் உள்ளே போய்விடும். ஆகவே, "ஒன்றுமில்லை" என்று நினைக்கிறார்கள். ஒரு நாள் அது உள்ளே போகாது. புடைப்பு கல்லாக இறுகும். வலியும் வாந்தியும் வரும். ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும்.

முன்னதாகவே டாக்டரிடம் போயிருந்தால் வேலை எளிது. ஓட்டையின் மேல் ஒரு பிளாஸ்டிக் வலையை வைத்துத் தைத்துவிடுவார்கள். அமெரிக்க டாக்டர் அஷர் 1958-ல் இந்த வழியைப் பற்றி எழுதினார்.

குடல் அழுகிச் சீழ் பிடித்த வயிற்றில் வலை வைக்க டாக்டர்கள் தயங்குவார்கள். ஏன்? பிளாஸ்டிக்குக்கு ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதில் ஒட்டிக்கொண்டால் மருந்து எட்டுவது கடினம். பிறகு வலையையே வெட்டி எடுக்க நேரும்.

அப்போது கைகொடுப்பது நோயாளியின் சொந்தச் சதைதான். இது புதிய யோசனையும் அல்ல. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் பக்கத்து நெய்யூரில் கத்தி பிடித்த காலத்தில் பிளாஸ்டிக் வலை ஏது? சொந்தத் தசையை இழுத்துத் தைப்பதே வழி. ஓட்டை பெரிதானால் தையல் பிய்ந்துவிடும். அதற்கு 1990-ல் டாக்டர் ராமிரெஸ் ஒரு வழி சொன்னார். விலாப்பக்கத்து வெளித் தசையின் பட்டையை நீளவாக்கில் அறுத்துவிட்டால், நடுத் தசை தளர்ந்து நகரும். இடுப்பு மட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் வரை! ரத்த ஓட்டத்தோடு வருவதால் கிருமியை எதிர்க்கும் பலம் அதற்கு உண்டு.

ஆனால், இது பெரிய ஆபரேஷன். புண் ஆற நாளாகும். குடலிறக்கம் திரும்பவும் வரலாம். மாதக்கணக்கில் சுமை தூக்கக் கூடாது. அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரிவது யார் கூலியில்?

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் மாதம் ஒரு நாள் சந்தைக்கே வந்து பார்த்தால் என்ன? பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆளை நிற்க வைத்து இருமச் சொன்னாலே பெரும்பாலான புடைப்புகள் தெரிந்துவிடும்.