ஆட்டோகிராஸும் ஆயிரம் டாலர் சஸ்பென்ஷனும்

இதைப் படித்தால் நம்ம பசங்களில் நாலு பேர் என்னோடு பேச மாட்டார்கள். பரவாயில்லை. அதில் ரெண்டு பேர் எனக்குப் பெட்ரோல் காசு பாக்கி, ஏற்கெனவே பேசுவதில்லை.

போன வருஷம் எங்களோடு ஆட்டோகிராஸ் ஓட்ட ஒரு நண்பன் வந்தான். பெயர் வேண்டாம். பழைய கார் ஒன்றை வாங்கி, முதல் போட்டிக்கு முன்பே ஆயிரம் டாலருக்கு மேல் செலவழித்து காயில்ஓவர் சஸ்பென்ஷன் மாட்டியிருந்தான். கிரெடிட் கார்டில்தான், வேறெதில்? போட்டி அன்று காலை எல்லோரும் பாதையை நடந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, இவன் காரை நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். முதல் ஓட்டத்தில் இருபதாவது விநாடியில் வழி தெரியாமல் நடு மைதானத்தில் நின்றான். ரெண்டாவதில் வேறொரு இடத்தில் நின்றான். மூன்றாவதில் அந்த ரெண்டு தப்பையும் திருத்திக்கொண்டு புதுசாக ஒன்று செய்தான். நாலாவதில் ஒருவழியாக முடித்தான், மூன்று கோனைச் சாய்த்துவிட்டு. "எனக்கு இது வராதுடா" என்று போனவன் திரும்பி வரவேயில்லை. கார்டு பில் மட்டும் மாசாமாசம் வருகிறது.

அவனுக்கு வந்திருக்கும். அதுதான் என் கோபம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஆட்டோகிராஸ் என்றால் நம்ம ஊரில் மண் தரையில் ஓட்டுவது. இங்கிலாந்திலும் அந்தப் பெயர் புல், மண் தரைப் போட்டிக்குத்தான். நான் சொல்வது அமெரிக்க ஆட்டோகிராஸ். ஸ்டேடிய பார்க்கிங்கிலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு கோன்களை வைத்து வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுவார்கள். சாதாரண வீட்டுக் கார் போதும். பக்கத்தில் இடித்துக்கொண்டு ஓட இன்னொரு கார் கிடையாது, கடிகாரத்தோடு மட்டும்தான் சண்டை. பெரும்பாலும் ரெண்டாவது கியர்தான், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். கோனைத் தட்டினால் ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி அபராதம். ஒரு கேட்டைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் இல்லை. 1944ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா இதை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது. சிறிய உள்ளூர் கிளப்புகளும் நிறைய உண்டு.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு போட்டிக்கும் பாதை புதுசு. நேற்று இரவோ இன்று காலையோ யாரோ ஒருத்தர் கோன் வைத்திருப்பார். நேற்று அந்தப் பாதை உலகத்திலேயே இல்லை, நாளைக்கும் இருக்காது. காரில் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கவும் விட மாட்டார்கள். நடந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். உள்ளூர்ப் போட்டியில் நாலிலிருந்து ஆறு ஓட்டம் கிடைக்கும். ஒன்று ஐம்பது விநாடி என்று வையுங்கள். காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை காத்திருந்து, வெயிலில் நின்று அடுத்தவன் தட்டிய கோனைப் பொறுக்கி வைத்து (எல்லோரும் இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும்), நாம் ஓட்டுவது மொத்தம் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் ரெண்டு நிமிஷத்தை "எங்கடா போகணும்?" என்று தேடுவதில் கழிப்பவன், வண்டியில் எதை மாட்டினால்தான் என்ன?

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சோலோவில் கார்களை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். கம்பெனி கொடுத்தபடியே இருக்கிற காருக்கு 'ஸ்ட்ரீட்' வகுப்பு. ஷாக் அப்சார்பர் மாற்றலாம், பிரேக் பேடு மாற்றலாம், இன்னும் சில சின்னச் சின்ன விஷயங்கள் செய்யலாம். ஆனால் காரைத் தாழ்த்துகிற ஸ்பிரிங் போட்டாலோ, அகலமான வீல் மாட்டினாலோ அந்த வகுப்பில் இடம் கிடையாது. அடுத்த வகுப்பில், பல வருஷமாக அதே வேலையைச் செய்து காரை இழைத்து வைத்திருக்கும் ஆட்களோடு மோத வேண்டும். அதாவது நம்ம நண்பன் ஆயிரம் டாலர் கொடுத்துத் தன் எதிராளிகளைக் கஷ்டமாக்கிக்கொண்டான். சொந்தக் காசில் சூனியம் என்பது வேறென்ன?

டயர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். நல்ல டயர் நிஜமாகவே விநாடிகளைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதல் சீசனில் பழைய டயரே நல்ல வாத்தியார். எல்லை தாண்டுகிறோம் என்றால் கத்திச் சொல்லும். ஒட்டிப்பிடிக்கிற டயர் நம்ம தப்பை ரொம்ப நேரம் மூடி மறைத்துவிட்டு, கடைசியில் ஒரேயடியாகக் கைவிடும். வண்டி தயாரிப்பு என்றால் என்னைப் பொறுத்தவரை இவ்வளவுதான்: வீல் நட்டு இறுக்கமாக இருக்கிறதா, பேட்டரி ஆடாமல் இருக்கிறதா, பிரேக் பெடல் கெட்டியாக நிற்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா, காற்று சரியா. டிரைவர் பக்க மிதியடியை எடுத்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டிலையும்தான். அது பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் வாழ்க்கையே மாறிவிடும். இதற்கெல்லாம் அரை மணி நேரமும் காற்றழுத்தம் பார்க்கிற கருவி ஒன்றும் போதும்.

அடுத்தது, "திறமை இருக்கிறவனுக்கு நடை எதற்கு?" கூட்டம். நம்ம பசங்களில் இவர்கள்தான் அதிகம். வாரணாசியில் பைக் ஓட்டியிருக்கிறேன், ஓ.எம்.ஆரில் கால் டாக்ஸிக்கு நடுவில் ஓட்டியிருக்கிறேன், இந்தக் கோனெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். ஐயா, 2009ல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகருக்கு மாறிய சோலோ தேசியப் போட்டியைப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுகிறார்கள். ரெண்டு பாதை, நாளுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று ஓட்டம். ஒவ்வொரு பாதையிலும் எடுத்த நல்ல நேரத்தைக் கூட்டி வெற்றியாளரைச் சொல்வார்கள். அங்கே ஜெயிக்கிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கான்கிரீட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறவர்கள். அவர்களுக்கே நடை வேண்டியிருக்கிறது, நமக்கு வேண்டாமாம்.

மூன்றாவது கூட்டம் நல்ல பிள்ளைகள். வரைபடத்தை போனில் இறக்கி, "இடது, வலது, ஸ்லாலம், இடது" என்று உருப்போடுவார்கள். நானும் இந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான், அதனால் உரிமையோடு திட்டலாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதி ஒப்பித்தது ஞாபகம் இருக்கிறதா? நடுவில் ஒரு சொல் மறந்தால் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அப்போதுதான் வரும். காரில் முதல் வரிக்குத் திரும்ப முடியாது. மணிக்கு 65 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 18 மீட்டர். ஸ்லாலத்தில் ஒரு கோனுக்கும் அடுத்ததற்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தூரம். விநாடிக்கு ஒரு கோன்! "அடுத்தது வலதா இடதா?" என்று மனசு யோசிக்கும்போது அந்தக் கோன் கண்ணாடியில் பின்னால் தெரிந்துகொண்டிருக்கும். அல்லது பம்பருக்கு அடியில் இருக்கும்.

அப்போ எப்படித்தான் நடப்பது?

முதல் நடை சும்மா வழி தெரிந்துகொள்ள. எந்தக் கோன் நிற்கிறது, எந்தக் கோன் படுத்திருக்கிறது என்று பாருங்கள். படுத்திருக்கும் கோனின் மூக்கு எந்தப் பக்கம் நீட்டுகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். இந்த நடையில் அரட்டை அடித்தால்கூட மன்னிப்பு உண்டு.

ரெண்டாவது நடை தனியாக. தனியாக என்றால் தனியாக. நாலு பேர் சேர்ந்து நடந்தால் பேச்சு நேற்று பார்த்த படத்துக்குப் போய்விடும், நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். கார் போகிற கோட்டிலேயே நடக்க வேண்டும், ஓரமாகப் போகக் கூடாது. நூற்றுக்கணக்கில் கோன் இருந்தாலும், நிஜமாக உரசிக்கொண்டு போக வேண்டியவை பதினைந்தோ இருபதோதான். மிச்சமெல்லாம் அலங்காரம், கண்ணைக் குழப்புவதற்கு. அந்தப் பதினைந்தைக் கண்டுபிடிப்பதுதான் நடையின் வேலை. ஸ்லாலத்தில் காலடியால் அளந்து பாருங்கள். பாதை போடுகிறவர் குறும்புக்காரராக இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருப்பார். முதல் மூன்று கோனை வேகமாகத் தாண்டிய சந்தோஷத்தில் நாலாவதில் மாட்டுவோம். ஸ்லாலத்தில் தாமதம் வட்டி மாதிரி குட்டி போடும். முதல் கோனில் ஒரு அடி தாமதமாகத் திருப்பினால், நாலாவதில் ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

தரையையும் பாருங்கள். தார் முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடம், பொடிக்கல், சாக்கடை மூடி, பார்க்கிங் கோட்டுப் பெயின்ட் (மழை பெய்தால் அது சோப்பு), எந்தப் பக்கம் சரிவு என்று எல்லாம். வரைபடத்தில் இது ஒன்றும் இருக்காது. போனில் வீடியோ எடுத்துக்கொண்டே நடக்கிறவர்கள் கண்ணிலும் இது படாது, அவர்கள் திரையைத்தானே பார்க்கிறார்கள்.

அப்புறம், வெட்கப்படாமல் குந்துங்கள். நிஜமாகத்தான். நின்றால் பாதை முழுக்கத் தெளிவாகத் தெரியும். கார் சீட்டில் உட்கார்ந்தால் கண் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிடும், எல்லாம் ஒரே ஆரஞ்சுக் கடல். எங்கெல்லாம் குழப்பமோ அங்கெல்லாம் குந்தி உட்கார்ந்து, "இங்கிருந்து எந்தக் கோனைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கோனைத் தாண்டுகிறோம் என்பதல்ல, அதைத் தாண்டும்போது கண் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. மூன்றாவது நடை முழுக்க இதற்குத்தான். நம்ம நண்பன் ரெண்டு தடவை நின்ற இடமும் நின்று பார்த்தால் சுலபமான இடம். குந்திப் பார்த்தால் எனக்கே வழி தெரியவில்லை.

கடைசியில் காருக்கு வந்து கண்ணை மூடி, ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு மனசுக்குள் ஒரு ஓட்டம். பாதை ஐம்பது விநாடி இருக்கும் என்று தோன்றுகிறது, மனசு இருபத்தைந்திலேயே முடித்துவிட்டது என்றால், பாதியை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மறுபடி நடை.

போட்டி நடத்துகிறவர்களையும் சும்மா விடப் போவதில்லை. புதுசாக வருகிறவன் காலையில் பதிவு வரிசையில் நிற்க வேண்டும், வண்டிச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும், இரவல் ஹெல்மெட்டுக்கு இன்னொரு வரிசை. எல்லாம் முடிந்து வந்தால் நடை நேரத்தில் பத்து நிமிஷம் மிச்சம். எல்லா வரிசையையும் தெரிந்துவைத்திருக்கும் பழைய ஆட்கள் அதற்குள் நாலு தடவை நடந்திருப்பார்கள். அப்புறம் "புது ஆட்கள் ஏன் நிலைக்கவில்லை?" என்று கூட்டம் போட்டு வருத்தப்படுவது. சில கிளப்புகளில் புதியவர்களைத் தனியாகக் கூட்டிக்கொண்டு ஒரு அனுபவசாலி நடப்பார். நான் ஓட்டப் போன முதல் இடத்தில் அப்படி யாரும் இல்லை. "ஃபாலோ தி கோன்ஸ்" என்றார் ஒருத்தர், சிரித்துக்கொண்டே. அவருக்குச் சிரிப்பு, எனக்கு அன்றைக்கு ஓட்டிய ரெண்டு ஓட்டம் கணக்கிலேயே இல்லை.

நண்பனிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். "காயில்ஓவரை வித்துடலாம்னு இருக்கேன்" என்றான். வித்துடு, பழைய ஸ்பிரிங்கை மாட்டு, அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு என்னோடு வா என்றிருக்கிறேன். பதிவு வரிசையில் நான் நிற்கிறேன், அவன் நடக்கட்டும். ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், போன தடவை செருப்போடு வந்திருந்தான்.