கூடத்துத் திரைக்கு யார் பொறுப்பு?

ஸ்மார்ட் டிவி வாங்கியவர்களிடம், அதில் இணையம் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வீட்டில் நான்கு விதமாகப் பதில் வரும். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாத்தா, "செல்லுல எழுத்தே தெரியாதுப்பா, இதுல தேரோட்டம் முழுசாப் பார்த்தேன்" என்பார். சமையல் காணொளி பார்க்கும் மருமகள், மாவு படிந்த கையோடு கைப்பேசியைத் தொட வேண்டியதில்லை என்று நிம்மதி சொல்வார். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அறிவியல் பாடம் பெரிய திரையில் நன்றாகப் புரிகிறது. அவளுடைய அப்பாவுக்கோ செய்தி பார்க்க ரிமோட்டே கைக்கு வருவதில்லை. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதால் சின்னவன் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். போதாக்குறைக்கு, போன மாதம் வரை ஓடிய ஒரு செயலி இந்த மாதம் திறக்கவே இல்லை.

இவை எல்லாமே உண்மையான அனுபவங்கள். ஆனால் குறை என்று வந்துவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறோம். பெற்றோர் பிள்ளையைத் திட்டுகிறார்கள், பிள்ளை இணைப்பைத் திட்டுகிறது, வாடிக்கையாளர் கேபிள்காரரிடம் சண்டைக்குப் போகிறார், அவர் கம்பெனியிடம் கேளுங்கள் என்கிறார். குறை பிறக்கும் இடம் வேறு. ஆளுக்கு ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல், ஒரு ரசனை என்று நினைத்துக் கட்டப்பட்டவை இணையச் சேவைகள். டிவியோ வீட்டார் அத்தனை பேருக்கும் பொது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காரும் இடம் அது. தனி ஆளுக்கென்று செய்த ஒன்றைக் கொண்டுவந்து பொது இடத்தில் மாட்டிவிட்டோம். அதை யார் கவனித்துக்கொள்வது என்பதை மட்டும் இன்னும் பேசி முடிக்கவில்லை. நிறுவனம், கடைக்காரர், கேபிள்காரர், அரசு, குடும்பம் என எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் கிடையாது. வீட்டுக்கு வீடு டிவி வருவதற்கு முன் ஊராட்சியின் பொது அறையில் ஒரு பெட்டி இருந்ததைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு ஊரே திரளும். அந்த அறையின் சாவி ஒருவரிடம் இருந்தது. எப்போது திறப்பது, எப்போது அணைப்பது, கெட்டுப்போனால் யாரிடம் சொல்வது என்பது ஊருக்குத் தெரியும். பிறகு 2006-இல் அமைந்த அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011-இல் வந்த அடுத்த அரசு, அரசு கேபிள் நிறுவனத்துக்கு மறுபடி உயிர்கொடுத்து மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தது. எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும், டிவி ஏழை வீட்டுக்கும் வேண்டியது என்பதில் ஒத்துப்போயின. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான், மறு ஆண்டு கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது லட்சக்கணக்கான பிள்ளைகளின் வகுப்பறை ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இனி வாங்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை இணையத்தோடுதான் வரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பாதிப்பவர் காலையில் கிளம்பும்போது அவருடைய கைப்பேசியும் கிளம்பிவிடுகிறது. பகலில் வீட்டிலிருக்கும் முதியவருக்கும் பிள்ளைக்கும் மிஞ்சும் இணையம் சுவரில் மாட்டியிருப்பதுதான். அதனால் "பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது பொறுப்பான பேச்சாகாது.

முதியவர்கள் சொல்லும் முதல் குறை, தேடுவது. திரையில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக வரும். ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகப் போய்ச் சேர வேண்டும். சீர்காழி கோவிந்தராஜன் பாட்டு கேட்க நினைக்கும் ஒருவர், அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்றாவது எழுத்திலேயே நின்றுவிடுகிறார். கைதவறி 'பின்செல்' பொத்தானை அழுத்தினால் எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூகுள் தன் குரல்வழித் தேடலில் தமிழைச் சேர்த்தது 2017-இல். நல்ல காரியம்; அதை வைத்தே பல பாட்டிகள் இன்று தாமாக டிவி பார்க்கிறார்கள். ஆனால் ரிமோட்டில் மைக் பொத்தான் எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் பேரப்பிள்ளைதான். வாங்கிய கடையில் யாரும் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த கையேட்டிலும் தமிழைத் தேட வேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் யார் கண்ணிலும் படாமல் முதல் நாளே நடந்துவிடுகிறது. புது டிவியை மாட்ட வந்த தம்பி ஏணியிலிருந்து இறங்கியதும், "அக்கா, வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க" என்பார். "அது பையனுக்குத்தான் தெரியும் தம்பி" என்று கல்லூரியில் இருக்கும் மகனுக்குப் போன் போகும். மகனுடைய மின்னஞ்சல் கணக்கையே டிவியிலும் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு திரையில் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள் வரும். மாட்ட வந்த தம்பிக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. எல்லாவற்றுக்கும் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டு, "படம் வருது பாருங்கக்கா" என்று ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்த வீட்டில் யார் எதற்குச் சம்மதித்தார்கள்? ஒருவருமே இல்லை.

சம்மதித்தது சாதாரண விஷயமும் இல்லை. திரையில் ஓடுவது என்னவென்று அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் தொழில்நுட்பம் இன்று பல டிவிகளில் இருக்கிறது. கேபிள் வழியாக வரும் சேனலைப் பார்த்தாலும் அது கண்டுகொள்ளும், ஏனென்றால் அது பார்ப்பது திரையை. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளிலிருந்து, பார்ப்பவர் அறியாமல், நொடிக்கு நொடி இப்படித் தகவல் சேகரித்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டி அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. நம் நாட்டில் 2023-இல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தமிழ் அதில் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027-இல்தான் கட்டாயமாகின்றன. நிறுவனங்கள் அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தமிழில் நான்கு வரி, கண்காணிப்பு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கேள்வி. இதைச் செய்ய எந்தத் தொழில்நுட்பத் தடையும் கிடையாது. மாட்ட வருபவருக்கு வீட்டுக்கு இன்னும் பதினைந்து நிமிடம் கொடுத்து, அதற்கான கூலியையும் கொடுத்தால், அந்தத் தம்பி நன்றாகவே விளக்கிச் சொல்வார்.

பிள்ளைகள் விஷயத்தில் குடும்பத்தின் பங்கு கூடுதல். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்கள் படங்களை வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்; 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று வகைப்படுத்தியவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் வசதி தர வேண்டும். பூட்டு இருக்கிறது, போட்டவர்கள்தான் குறைவு. யூடியூபில் யாரோ ஏற்றிவிடும் காணொளிக்கு இந்த வயது வகைப்பாடே கிடையாது. அங்கே குழந்தைகளுக்கான தனிக் கணக்கைத் திறப்பதும், தானாக அடுத்ததற்குப் போவதை நிறுத்திவைப்பதும் நம் வேலை. ரிமோட்டில் ஐந்து நிமிடத்தில் முடியும். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அதற்காகப் பெற்றோர் தலையிலேயே முழுச் சுமையையும் வைப்பதை ஏற்க முடியாது. தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. கைப்பேசி என்றால் யாருடையது என்று ஓரளவு தெரியும். டிவிக்கு முன்னால் இந்த நிமிடம் உட்கார்ந்திருப்பது தாத்தாவா பேத்தியா என்று நிறுவனத்துக்குத் தெரியாது. தெரியாத நிலையில் என்ன செய்வது? கூடத்தில் ஒரு குழந்தை இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு வேண்டுமானால் அமைப்பை மாற்றிக்கொள்ளட்டும். இன்றைக்கு நடப்பது இதற்கு நேர் தலைகீழாக இருக்கிறது.

பணம் போட்டு வாங்கியவர்களின் கோபம் இன்னொரு பக்கம். டிவி என்றால் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும் என்பது நம் வீடுகளின் எதிர்பார்ப்பு. படக்குழாய்ப் பெட்டிகள் அப்படித்தான் ஓடின. இணைய டிவியில் திரை நன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் மென்பொருளுக்குத்தான் வயதாகிவிடும். 1996-இல் அமெரிக்காவில் வெப்டிவி என்ற கருவி வந்தது. கணினி வாங்காதவர்கள் டிவியோடும் தொலைபேசிக் கம்பியோடும் இணைத்து மின்னஞ்சல் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2013-இல் சேவையை நிறுத்தியதும், கடைசிவரை வைத்திருந்தவர்களிடம் பயனற்ற பெட்டிதான் மிஞ்சியது. 2015-இல் யூடியூபும், 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸும் சில பழைய டிவிகளில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டன. எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம் என்பதை வாங்கும்போதே சொல்லிவிட்டால் மனவருத்தம் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புத் திருத்தம் எதுவரை கிடைக்கும் என்பதை அறிவிக்காமல் இணையத்தோடு இணையும் கருவியை விற்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் டிவிகளுக்கு 8 ஆண்டு என்று வரையறையே வைத்திருக்கிறது. நம் டிவிகளில் மின்சிக்கனத்துக்கு நட்சத்திர முத்திரை ஒட்டுகிறார்கள். மக்களும் அதைப் பார்த்து வாங்கப் பழகிவிட்டார்கள். அதன் பக்கத்திலேயே 'மென்பொருள் ஆதரவு 2033 வரை' என்பது போல ஓர் ஆண்டை அச்சிட நிறுவனங்களுக்கு என்ன செலவாகிவிடும்?

விலை மலிவு என்று பெயரில்லாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை வாங்கிப் பழைய டிவியில் செருகுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். 'எல்லா ஓடிடியும் இலவசம்' என்று விற்கிறார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, இத்தகைய கருவிகள் பலவற்றில் முன்கூட்டியே தீய நிரல் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொதுமக்களை எச்சரித்தது. பேட்பாக்ஸ் 2.0 என்று பெயரிடப்பட்ட அந்த வலையில் உலகெங்கும் 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாகச் சொல்லி அடுத்த மாதமே கூகுள் வழக்குத் தொடுத்தது. அந்தப் பெட்டி நம் வீட்டில் படம் காட்டிக்கொண்டே, நம் இணைப்பின் வழியாக முன்பின் தெரியாதவர்கள் மோசடி செய்ய வழிவிடுகிறது. முகவரி நம்முடையது, குற்றம் யாருடையதோ. விற்பவர் தெரிந்து விற்கக் கூடாது, வாங்குபவர் தெரிந்து வாங்கக் கூடாது. இங்கே கேபிள்காரரால் பெரிய உதவி செய்ய முடியும். தெருவில் எந்த வீட்டில் என்ன பெட்டி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அவர் சொன்னால் மக்கள் கேட்பார்கள். மாதாமாதம் பணம் வாங்க வரும்போது தமிழில் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கலாம். எந்தப் பெட்டியைத் தவிர்ப்பது, பிள்ளைகளுக்குப் பூட்டு எப்படிப் போடுவது, கண்காணிப்பை எங்கே நிறுத்துவது என்ற மூன்றே விஷயம் போதும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் அதே சீட்டைப் படித்துக் காட்டலாம்.

அரசின் பங்கு சட்டம் போடுவதோடு முடிந்துவிடவில்லை. தமிழ்நாடு அரசே இன்று பெரிய அளவில் திரைகளை வாங்குகிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளின் திறன்மிகு வகுப்பறைகளில் இணையத்தோடு கூடிய திரைகள் மாட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் விற்பவர் தருவார். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை: பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை என்று எழுத்தில் தர வேண்டும், கண்காணிப்பு அணைத்த நிலையிலேயே பெட்டி வர வேண்டும், அமைப்புப் பக்கங்கள் முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும். ஒருமுறை அரசுக்காக இவற்றைச் செய்த நிறுவனம் அதே பெட்டியைக் கடையில் விற்கும்போது முடியாது என்று சொல்ல வழியிருக்காது. அடுத்த கொள்முதலிலேயே இதைத் தொடங்கலாம். துறை அதிகாரிகளுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இதை எழுதிக் கேட்பது நுகர்வோர் அமைப்புகளின் கடமை, நம் ஒவ்வொருவரின் கடமையும்கூட.