பசித்தவனைப் பசித்தவன் மீது ஏவாதே!

கென்யாவின் வடபகுதியில் 2020 இறுதி முதல் 2022 இறுதி வரை ஐந்து மழைப் பருவங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. மேய்ச்சல் நிலம் கருகியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. மெலிந்த ஆட்டுக்கு விலை இல்லை. மக்காச்சோளமோ எட்டாத விலை. ஆட்டை விற்றுத் தானியம் வாங்கும் குடும்பம் இருபுறமும் அடிபட்டது. 40 லட்சம் பேருக்கு மேல் உணவின்றித் தவித்தனர்.

வறண்ட அந்தப் பூமியில்தான் 1991-இல் அமைந்த ததாப் முகாமும், 1992-இல் அமைந்த ககூமா முகாமும் இருக்கின்றன. சோமாலியாவிலும் தென்சூடானிலும் போருக்குத் தப்பிய லட்சக்கணக்கான மக்கள் அங்கே தஞ்சமடைந்தனர். அனுமதிச் சீட்டின்றி வெளியே சென்று வேலை தேட நெடுங்காலம் தடை. கையைக் கட்டிப்போட்டபின் பங்கீடு ஒன்றே கதி. அந்தப் பங்கீட்டையும், நிதி இல்லையென்று, 2025 ஜூனில் 28 சதவீதமாக வெட்டியது உலக உணவுத் திட்டம். குண்டுக்குக் குறையாத பணம் சோற்றுக்கு மட்டும் குறைவதேன்?

"அகதி வந்ததால்தான் பஞ்சம்" என்று கால்நடை மேய்ப்போரிடம் சொல்வது பச்சைப் பொய். மழையைத் தடுத்தவன் அகதியல்ல. சோள விலையை ஏற்றியவனும் அவனல்ல. விலை ஏறி, கூலி ஏறாத கொடுமையை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

அகதிக்கு முழுப் பங்கீடும் வேலை செய்யும் உரிமையும் வேண்டும். மேய்ப்போருக்கு நியாய விலையில் தானியமும் தீவனமும் வேண்டும். இவை இரு கோரிக்கைகளல்ல, ஒன்றே!